'குதிரைவால்' பார்த்து வீட்டுக்குள் சண்டை: யார் சொல்வது சரி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். "'குதிரைவால்' படத்தை வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். அண்ணன் அரை மணி நேரத்தில் 'இது ஏமாத்து வேலை' என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அப்பா தூங்கிவிட்டார். அத்தை மகள் ஒவ்வொரு காட்சிக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு 'பாவம் அந்தப் பையன்' என்று மட்டும் சொன்னார். எனக்குப் பிடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. புரியாத படத்தை நல்ல படம் என்று சொல்வது நடிப்பு இல்லையா? எங்களில் யார் சொல்வது சரி?"

தம்பி, சுருக்கமாகக் கேட்டால், ஐந்து பேரில் படத்துக்கு மிக அருகில் இருந்தவர் உங்கள் அம்மா என்பேன். அண்ணனின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அப்பா தூங்கியதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தைவிட்டு ரொம்ப தூரம் போய்விட்டவர் அத்தை மகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு இது வருத்தமாக இருக்கலாம். அதனால் காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நானும் பல வருடம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன்தான்.

புதுச்சேரியில் ஒரு சிறிய திரையிடல் குழுவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். மாதம் ஒரு படம் போடுவோம். படம் முடிந்ததும் விளக்கைப் போடுவது என் வேலை. அதனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கதை சொல்லும் படம் என்றால் எல்லா முகமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். இந்த மாதிரிக் கனவுப் படம் முடிந்து விளக்கைப் போட்டால், ஒரு வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார், பக்கத்து நாற்காலிக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம்தான்.

முதலில் படத்தைப் பற்றி, பார்க்காதவர்களுக்காக. 2022 மார்ச் 18 அன்று வெளியானது. மனோஜ் லியோனல் ஜாசன், ஷியாம் சுந்தர் இருவரும் இயக்கினார்கள். வங்கியில் வேலை பார்க்கும் சரவணனாகக் கலையரசன் நடித்திருக்கிறார். அவருக்கு ஃப்ராய்ட் என்றும் ஒரு பெயர், கனவுகளுக்குப் பொருள் சொன்ன மனோதத்துவ மேதையின் பெயர். கனவில் வால் இல்லாத ஒரு குதிரை வருகிறது. கண் விழித்தால் இவருக்குக் குதிரைவால் முளைத்திருக்கிறது. அந்தக் கனவுக்கு என்ன பொருள் என்று ஆள் ஆளாகத் தேடிப்போய்க் கேட்கிறார். நடந்தது எது, கனவு எது, நினைவு எது என்று படம் கோடு போட்டுக் காட்டுவதில்லை.

அந்தக் கோடு இல்லாததுதான் முதல் சிக்கல். நம் சினிமாவில் கனவு இல்லாமல் இருந்ததே இல்லை. கதாநாயகி கண்ணை மூடினால் பனிமலை வரும், பாட்டு முடிந்தால் பால் பொங்கி வழியும், யாரோ "என்னம்மா கனவா?" என்று கேட்பார்கள். கெட்ட கனவு என்றால் திடுக்கிட்டு எழுந்து வியர்வையைத் துடைப்பார்கள். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல். ஐம்பது அறுபது வருடமாக நமக்கு அந்த வாசல் பழக்கம். 'குதிரைவால்' மாதிரி ஒரு படம் அந்த வாசற்காலைப் பிடுங்கி எடுத்துவிட்டு, நேராக அறைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். உங்கள் அண்ணனுக்கு வந்தது அந்தக் கோபம். அதை ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காசும் இரண்டு மணி நேரமும் கொடுத்தவன் என்ன நடக்கிறது என்று கேட்பது அவன் உரிமை.

ஆனால் அண்ணன் சொல்வதில் ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். "நம்ம சனங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று அவரும் நினைத்திருக்கக்கூடும், பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் சனங்களுக்கு இது ஒத்துவராது என்பது உண்மை இல்லை. கடலூர் மாவட்டத்துக்காரர் அதைச் சொல்லவே கூடாது.

என் தாய்மாமா ஊர் பண்ருட்டிப் பக்கம். சின்ன வயதில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு அங்கே போய்விடுவோம். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு ஊருக்கு நடுவே பெரிய பனைமரக் கம்பம் நட்டிருக்கும். அர்ச்சுனன் வேடம் போட்டவர் விருத்தம் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். அந்தக் கம்பம்தான் கைலாயம். உச்சியில் உட்கார்ந்து அவர் எலுமிச்சம்பழத்தையும் பூவையும் வீசும்போது, பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே முந்தானையை விரித்து நிற்பார்கள். என் அத்தை ஒருமுறை பிடித்தார். அவர் பிடித்தது மகாபாரத அர்ச்சுனன் போட்ட பழம். கூத்தாடுபவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும், காலையில் டீக்கடையில் பீடி வாங்கியவர் என்பதும் அத்தைக்கு நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தது. கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணால் செய்த பெரிய உருவமாகத் தரையில் படுத்திருப்பான். அவன் தொடை பிளந்த பிறகுதான் திரௌபதி கூந்தல் முடிவாள். "மண்பொம்மை ஏன் துரியோதனன்?" என்று எந்தக் கிழவியும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு மனிதனுக்கு வால் முளைத்தால் மட்டும் ஏன் தகராறு வருகிறது? கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். அரசன் வருவதற்கு முன்னால் வந்து, வருவது யார், ஏன் வருகிறார் என்று நம்மிடம் பேசுவான். அழ வேண்டிய இடத்தில் கேலியும் பண்ணுவான், அதிலேயே ஒரு தெளிவும் கொடுத்துவிடுவான். அதோடு, விதிகள் நம் தாத்தா காலத்திலேயே பேசி முடித்தவை. கலைப்படம் கட்டியக்காரன் இல்லாமல் வருகிறது. ஒவ்வொரு படமும் தன் விதியைத் தானே புதிதாகப் போட்டுக்கொள்கிறது, அதை நம்மிடம் சொல்வதும் இல்லை. படம் முடிந்தபின் வீட்டிலும் டீக்கடையிலும் நடக்கிற சண்டையை உற்றுப் பாருங்கள். ஆளாளுக்குக் கட்டியக்காரனாக ஆகப் பார்க்கிறோம்.

இப்போது அத்தை மகள் விஷயம். அவர் செய்தது நமக்கு ரொம்பப் பழகிய வேலை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் போட்டிருப்பார்கள், எந்த இடத்தில் விழுந்தால் என்ன என்று. கனவுப் பலனும் இருக்கும். பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது. குதிரை என்றால் ஆசை, வால் என்றால் அவமானம், கண்ணாடி என்றால் அகம் என்று படத்தைப் பிரித்துக்கொண்டே போவதும் அதே வேலைதான். பலன் தெரிந்துவிட்டால் கனவு தேவையில்லை, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இந்த முறை சரியாகப் பொருந்துகிற இடமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம். புதுச்சேரியிலிருந்து ஆரோவில் பக்கம் போகும்போது இரும்பை என்று ஒரு ஊர். அங்கே மாகாளேஸ்வரர் கோயிலில் கடுவெளிச் சித்தர் கதையைச் சொல்வார்கள். நந்தவனத்து ஆண்டியைப் பற்றிய அவர் பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். நாலும் ஆறும் பத்து மாதம் குயவனிடம் கெஞ்சி ஒரு தோண்டி வாங்கி வந்தான், கூத்தாடிப் போட்டு உடைத்தான். குயவன் இறைவன், தோண்டி உடம்பு, ஆண்டி உயிர். பூட்டும் ஒன்று, சாவியும் ஒன்று. சித்தர்கள் வேண்டுமென்றே பரிபாஷையில், அதாவது மறைமொழியில், எழுதினார்கள், தெரிந்தவன் திறந்துகொள்ளட்டும் என்று. இதை உருவகம் என்கிறோம். உருவகத்துக்குப் பொருள் தேடுவது நியாயம், தேடினால் கிடைக்கும்.

கனவுப் படத்தில் அந்தச் சாவி இல்லை. ஒளித்துவைத்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. செய்யவே இல்லை. அதற்கு நல்ல சாட்சி இந்த வகைப் படங்களின் மூதாதையே. 1929இல் பாரிஸில் இயக்குநர் லூயிஸ் புனுவேலும் ஓவியர் சல்வதோர் தாலியும் சேர்ந்து எடுத்த 'அன் ஷியன் ஆந்தலு'. கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் மௌனப்படம். இருவரும் தாங்கள் கண்ட கனவைச் சொல்லிக்கொண்டதில் தொடங்கியது. நிலாவை மேகம் அறுப்பது போலவும் கண்ணைக் கத்தி அறுப்பது போலவும் கண்டவர் புனுவேல். கையில் எறும்புகள் மொய்ப்பதாகக் கண்டவர் தாலி. திரைக்கதைக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். காரணம் சொல்லி விளக்கக்கூடிய எந்தக் காட்சியையும் சேர்க்கக் கூடாது. விளக்கம் வந்துவிட்டால் அந்தக் காட்சியைத் தள்ளிவிட்டார்கள்.

முதல் காட்சி அன்று, ஜனங்கள் கலாட்டா செய்தால் திருப்பி எறிய புனுவேல் சட்டைப்பையில் கல்லை நிரப்பிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றார். கலாட்டா நடக்கவில்லை, கைதட்டினார்கள். பிறகு ஒரு அரங்கில் எட்டு மாதம் ஓடியது. அது புனுவேலுக்குச் சந்தோஷத்தைத் தரவில்லை. ஆவேசமாக ஒன்றைச் சொல்ல வந்தால் அதை அழகு என்று கொண்டாடுகிறார்களே என்று எரிச்சலோடு எழுதினார். கைதட்டினவர்களும் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அவர் எண்ணம். ஆக, பிடித்தவர்கள் புரிந்தவர்கள், பிடிக்காதவர்கள் புரியாதவர்கள் என்ற கணக்கு முதல் நாளிலேயே தவறிப்போய்விட்டது.

அந்தப் படத்தை நாங்களும் ஒருமுறை போட்டோம். மடக்கு நாற்காலி முப்பது, வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். இரும்பு நாற்காலி என்பதால் யார் எழுந்தாலும் கிறீச்சென்று கேட்கும். கண் அறுபடும் இடத்திலேயே மூன்று கிறீச். (இறந்த கன்றுக்குட்டியின் கண்ணை வைத்து எடுத்தது அது. முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்கள் தவறு.) உள்ளங்கையில் ஒரு ஓட்டை, அதிலிருந்து எறும்பு எறும்பாக வெளியே வருகிற காட்சி வந்தபோது அறையே அமைதியாக இருந்தது.

விளக்கைப் போட்டதும் பேச்சு தொடங்கியது. எறும்பு என்றால் அழுகல், சாவு, காமம் என்று இளைஞர்கள் அடுக்கினார்கள். பின் வரிசையில் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். எல்லாப் படத்துக்கும் வருவார், பேசவே மாட்டார். அன்றைக்குத் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து கையைத் தலைக்கு வச்சுப் படுத்தா, காலையில கை மரத்துப் போயிருக்கும். அப்பறம் எறும்பு ஊரும். அதான் இது. அவனுக்குக் கை அவனோடதா இல்ல."

அவருக்குப் பக்கத்தில் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்குகிறவர்களை இங்கே சொல்தா என்போம். அவர் உடனே திரும்பினார். "அட, பிரெஞ்சுக்காரனும் அப்படித்தாங்க சொல்லுவான். கை மரத்துப் போனா, கையில எறும்பு இருக்குதும்பான்."

அவ்வளவுதான். இருவரும் படத்தை விளக்கவில்லை. பெரியவர் தன் கையைக் கொண்டுபோய் அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தக் காட்சியைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதுவும் என்னை அப்படித் தொட்டதில்லை. அடுத்த நாள் காலை எழுந்து என் கையைத்தான் முதலில் பார்த்தேன்.

உங்கள் அம்மா செய்ததும் இதே காரியம். வால் எதற்குக் குறியீடு என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. உடம்பில் ஏதோ ஒன்று வந்து சேர்ந்துவிட்டது, வெளியே சொல்ல முடியவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு ஆள் ஆளாகப் போய்க் கேட்கிறான், ஒருத்தரும் உருப்படியாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு பையனைப் பார்த்தார், "பாவம்" என்றார். ரஷ்ய இயக்குநர் தர்கோவ்ஸ்கிக்கு 'கண்ணாடி' என்ற படம் 1975இல் வந்தபோது கடிதங்கள் குவிந்தன. தன் சினிமாப் புத்தகத்தை அந்தக் கடிதங்களோடுதான் தொடங்குகிறார். படித்த, பெரிய வேலையில் இருந்தவர்கள் ஒன்றுமே புரியவில்லை என்று கோபமாக எழுதியிருந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும், என் சிறுவயது அப்படியேதான் இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருந்தார். உங்கள் அம்மா அந்தப் பெண்மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி எனக்குத் தெரிகிறார்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று தோன்றினால், நம் புதுவையிலேயே ஒன்று இருக்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். அந்த நாட்களில் எழுதியது 'குயில் பாட்டு'. புதுவைக்கு மேற்கே சிறு தொலைவில் ஒரு மாஞ்சோலை, அங்கே ஒரு குயில் மனிதக் குரலில் கவிஞனிடம் காதல் சொல்கிறது. அடுத்த நாள் போனால் அதே குயில் குரங்கிடம் அதே காதலைச் சொல்கிறது. பிறகு ஒரு கிழமாட்டிடம். கவிஞன் பொறாமையில் வாளை எடுக்கிறான். முற்பிறவிக் கதை வருகிறது, குயில் பெண்ணாகிறது. திடீரென்று கண் விழித்தால் சுற்றிலும் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் குவியல், பழம்பாய். வீட்டில்தான் இருக்கிறான். அத்தனையும் மாலை நேர மயக்கம்.

அதன் கடைசி வரிகளைப் போய்ப் படியுங்கள். தமிழ்ப் புலவர்களைக் கூப்பிட்டு, இது கற்பனையே ஆனாலும் வேதாந்தமாகப் பொருள் சொல்லக் கொஞ்சம் இடம் இருந்தால் சொல்லுங்களேன் என்று கேட்கிறார். புலவர்கள் விடவில்லை. குயில் ஜீவாத்மா என்றார்கள், கவிதா தேவி என்றார்கள், விடுதலை என்றார்கள். நூறு வருடமாக நடக்கிறது. குரங்கிடம் குயில் கொஞ்சும் இடத்தை வகுப்பில் படித்தபோது எங்கள் பெஞ்சே விழுந்து விழுந்து சிரித்தது. பொறாமைப்பட்டவனின் வலியும் கூடவே இருந்தது. அந்தச் சிரிப்பையும் வலியையும் விட்டுவிட்டு ஜீவாத்மாவை மட்டும் எடுத்துக்கொண்டால் கையில் என்ன மிஞ்சும்? பாரதி "சற்றே இடமிருந்தால்" என்றுதான் சொன்னார். அந்தச் 'சற்றே' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். அத்தை மகளுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுதான். பொருள் சொல்லட்டும், தப்பில்லை, சற்றே. முதலில் குயில் குயிலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இங்கே இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிவது எப்போதும் புரியாததால் இல்லை. சில சமயம் நன்றாகவே புரிந்துவிடுவதால்தான் ரகளை. புனுவேலின் அடுத்த படம் 'லாஜ் தோர்'. 1930 டிசம்பர் 3 அன்று தீவிர வலதுசாரிக் கூட்டம் ஒன்று அரங்குக்குள் புகுந்து திரையில் மையை வீசியது, முகப்பில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தது. சில நாளில் போலீஸ் படத்தைத் தடை செய்தது. பொது அரங்குக்கு மறுபடி வர ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. மதத்தையும் கனவான்களின் ஒழுக்கத்தையும் படம் அடித்தது அவர்களுக்குத் தெளிவாகவே புரிந்தது.

நம்மிடமும் 'அக்ரகாரத்தில் கழுதை' இருக்கிறதே. வெங்கட் சாமிநாதன் எழுதி ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்தது. ஒரு பேராசிரியர் கழுதைக்குட்டியை வளர்க்கிறார். அக்ரகாரம் பொறுக்காமல் அதைக் கொன்றுவிடுகிறது. பிறகு அதே கழுதைக்கு அற்புத சக்தி இருப்பதாக நம்பிக் கோயில் கட்ட நினைக்கிறது. முடிவில் கழுதையின் மண்டையோடு, ஆட்டம், ஊரை விழுங்கும் தீ. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. எதிர்ப்பும் கிடைத்தது. தூர்தர்ஷனில் போடுவதாகச் சொல்லிப் பிறகு கைவிட்டார்கள். அந்த எதிர்ப்பாளர்களையும் உங்கள் அண்ணனையும் ஒரே பட்டியலில் சேர்க்க மாட்டேன். அவர்களுக்குப் படம் சொன்னது பிடிக்கவில்லை. அண்ணனுக்குப் படம் தன்னிடம் பேசவே இல்லை என்று குறை. இந்த இரண்டாவது குறையை இயக்குநர்கள்தான் கவனித்துக் கேட்க வேண்டும்.

அதனால் "ஏமாத்து வேலை" என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஏமாற்று வேலை உண்டா? உண்டு, நிறையவே உண்டு. எதைச் சொல்வது என்று தெரியாமல் ஒரு வெறிச்சோடிய நிலம், ஒரு முகமூடி, ஒரு உடைந்த பொம்மை, மெதுவான வயலின் என்று போட்டு ஒப்பேற்றுகிற படங்களை நாங்களே வாங்கிப் போட்டிருக்கிறோம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், நான் பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது. நடக்க முடியாத காரியம் ஒன்று நடந்த பிறகு, மற்றதெல்லாம் அதற்கு உண்மையாக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

மறுபடியும் புனுவேல்தான் வருகிறார், என்ன செய்வது. 1962இல் மெக்சிகோவில் அவர் எடுத்த 'சம்ஹார தேவதை'. பணக்காரர் வீட்டு விருந்து முடிகிறது, விருந்தாளிகளால் அந்த அறையைவிட்டு வெளியே போக முடியவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. பூட்டில்லை, மந்திரமில்லை, ஆனால் முடியவில்லை. ஏன் என்று படம் சொல்லவே இல்லை. ஆனால் முடியவில்லை என்றான பிறகு நடப்பதெல்லாம் அப்பட்டமான நிஜம். தாகம் எடுக்கிறது, சுவரை உடைத்துத் தண்ணீர்க் குழாயைத் தேடுகிறார்கள். பசிக்கிறது, வழிதவறி வந்த ஆட்டைப் பிடித்துச் சமைக்கிறார்கள். நாகரிகம் உரிந்துகொண்டே வருகிறது. "ஏன் வெளியே போகவில்லை" என்ற கேள்வியே நமக்கு மறந்துபோகும். ஒரு பொய்யை ஒத்துக்கொள்ளச் சொல்கிறார், அதற்குப் பிறகு ஒரு பொய்கூடச் சொல்வதில்லை.

இந்தக் கண்ணோடு 'குதிரைவால்' பார்த்தால், அந்த வால் ஒரு அருமையான கற்பனை. தமிழில் அப்படி ஒரு தொடக்கம் அபூர்வம். அதற்காகவே அந்தக் குழுவை மதிக்கிறேன். ஆனால் ஒருவனுக்கு ஃப்ராய்ட் என்றும் ஒரு பெண்ணுக்கு ஓவியர் பெயரான வான்கா என்றும் பெயர் வைக்கும்போது, படமே கையில் ஒரு சாவியைக் கொடுத்துப் பூட்டைத் தேடச் சொல்கிறது. பிறகு அத்தை மகளைக் குறை சொல்லி என்ன பயன்? பேச்சும் எனக்கு அதிகமாகப் பட்டது. வால் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்று நான் நினைத்த இடங்களில், ஆட்கள் கனவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் அங்கங்கே என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. ஆக, அண்ணனுக்கு நான் சொல்வது, முழு ஏமாற்று இல்லை, ஆனால் நீங்கள் எழுந்துபோன இடத்தில் எனக்கும் கால் பரபரத்தது.

சரி, வீட்டில் பார்த்ததும் ஒரு காரணம். வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், பால்காரர் மணி அடிப்பார், போன் வரும். கதைப்படம் அதைத் தாங்கும். அஞ்சு நிமிஷம் விட்டாலும் "என்ன ஆச்சு?" என்று கேட்டுச் சேர்ந்துகொள்ளலாம். கனவுப் படத்தில் என்ன ஆச்சு என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவரால் சொல்ல முடியாது. அப்பா தூங்கியதை நான் பெரிதாக எடுக்காததும் இதனால்தான். கூத்தில் ராத்திரி பூரா யாரும் கண் முழிப்பதில்லை. பாயில் தூங்கி, தாளச் சத்தத்தில் விழித்து, நாலு விருத்தம் கேட்டு, மறுபடி தூங்குவோம். விழித்த நேரத்தில் பார்த்தது இன்றைக்கும் மனசில் இருக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். படம் முடிந்து முதல் பத்து நிமிடம் யாரும் அர்த்தம் சொல்லக் கூடாது. பிடித்தது, பிடிக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. என்ன பார்த்தோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் ரொம்பக் கஷ்டம். "அவன் தனிமையில்" என்று ஆரம்பிப்பார்கள். நிறுத்தி, தனிமை தெரிந்ததா, என்ன தெரிந்தது என்று கேட்போம். "அறையில் ஃபேன் ஓடல. ஆனா காலண்டர் ஆடிச்சு" என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் ஒருமுறை சொன்னார். படத்தை மூன்றாவது தடவை பார்த்த எனக்கு அந்தக் காலண்டர் கண்ணில் பட்டதே இல்லை. பத்து நிமிடம் முடிந்து கடற்கரைச் சாலைக்கு நடந்து போவோம். மாலைக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டே நடக்கத் தோதான இடம். பத்து நிமிடத்தில் அவரவர் பார்த்ததைக் கேட்ட பிறகு வருகிற சண்டையில் ஒரு மரியாதை இருக்கும். எழுந்துபோனவரும் அதில் சேர்ந்துகொள்ளலாம், எழுந்துபோகும்வரை பார்த்தது அவரிடம் இருக்கிறதே.

'பிடித்ததா இல்லையா தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய வேண்டாம். தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்று சொல்வதில் நடிப்பு எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் படத்தில் ஏதாவது ஒன்று தானாக ஞாபகத்துக்கு வருகிறதா பாருங்கள். பஸ்ஸில் போகும்போது, பல் தேய்க்கும்போது. வந்தால் படம் உங்களிடம் ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வரவில்லை என்றால் அதுவும் பதில்தான், அதற்கு யாரிடமும் வெட்கப்பட வேண்டாம்.

இந்த மாதிரிப் படங்களை இருட்டு அறையில் பத்துப் பேரோடு பார்க்க ஆசை இருந்தால் கடலூரிலிருந்து புதுச்சேரி ஒரு பஸ் தூரம்தான். பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலையன்ஸ் பிரான்சேஸில் படங்கள் போடுகிறார்கள். ஆரோவில்லில் சினிமா பாரடிசோ என்ற திரையிடல் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுத்துப் புதுச்சேரி அரசு நடத்தும் திரைப்பட விழாவும் இருக்கிறது. அண்ணனையும் கூட்டிவாருங்கள். எழுந்து போவதற்கு வசதியாக ஓரத்து நாற்காலி பார்த்துக் கொடுக்கலாம்.

அதற்கு முன்னால் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். படத்தின் அர்த்தத்தைக் கேட்க வேண்டாம். "அந்தப் பையன் பாவம்" என்று எந்த இடத்தில் தோன்றியது, அப்போது அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று மட்டும் கேளுங்கள். அத்தை மகளும் பக்கத்தில் இருக்கட்டும். அம்மா என்ன சொன்னார் என்பதை முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.